ஆடிய கொக்கும் மூன்றாம் ஓலையும்

1952 ஜூன் 12, வியாழன்

நாலரைக்குப் பள்ளியிலிருந்து வந்தேன். திருத்த வேண்டிய நோட்டுகள் ஒரு கட்டு. அணில் கதையை இன்றாவது முடிக்கலாம் என்று உட்கார்ந்தால் பக்கத்து அறையில் கிராமபோன் ஆரம்பித்துவிட்டது. ஜேனுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. அதனால் மாலை முழுக்க எனக்குத் தண்டனை. ரும்பாவாம். கியூபா தேசத்து ஆட்டமாம். கியூபா எங்கே இருக்கிறது என்று தேசப்படத்தில் காட்டச் சொன்னால் என் தங்கைக்குத் தெரியாது. அங்கே காலை எப்படி வைப்பார்கள் என்று மட்டும் தெரியும்.

ஒரு அடி நிதானமாக, இரண்டு அடி வேகமாக. ஒன்று — இரண்டு மூன்று. ஒன்று — இரண்டு மூன்று. நாலு சுற்றுக்கு ஒரு முறை திரும்புகிறாள் போலிருக்கிறது, பலகை கிறீச்சிடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் என் மைப்புட்டி ஆடுகிறது. அணில் மட்டும் மரத்தடியிலேயே நிற்கிறது.

ஜூன் 14, சனி

பச்சைக் காலணி, மணிக்கட்டில் முடிந்த கைக்குட்டை. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சனிக்கிழமைதோறும் அங்கே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆடுகின்றன. மாதா கோயில் பாட்டுக் குழுவில் இருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?

"ஒரே ஒரு தடவை வந்து பாரேன் அக்கா. பார்த்துட்டு அப்புறம் திட்டு."

பார்க்காமலே திட்ட எனக்குத் தெரியும் என்றேன்.

"நீ பேனாவுல சொல்ற. நான் காலால சொல்றேன். அவ்ளோதான வித்தியாசம்?"

அவ்வளவுதானா? ஒன்பது வருடமாகக் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு பத்திரிகை என்னை 'மைசூர் அத்தை' என்று அச்சடிக்கிறது. ஒவ்வொரு வரியையும் நாலு முறை அடித்து எழுதுகிறேன். இடுப்பை ஆட்டுவதும் இதுவும் ஒன்றா? அம்மா போனபோது இவளுக்குப் பதினோரு வயது. தலை வாரி, சோறு போட்டு, நர்ஸ் படிப்புக்கு அனுப்பியவள் நான். அவள் வாயில் இப்போது எனக்கும் தனக்கும் வித்தியாசமில்லை.

அணில் கதையை முடித்துத் தபாலில் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

அணில் திரும்பி வந்துவிட்டது. 'நீதி நன்று, கதை நகரவில்லை' என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருக்கிறார். மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் தப்பு. ஜேன் எடுத்துப் படித்துவிட்டாள்.

"உன் அணில் அசையவே மாட்டேங்குது அக்கா. நின்ன இடத்துலயே நின்னு புத்தி சொல்லுது. கிளாஸ்ல நீ நிக்கிற மாதிரியே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சோற்றை அவள் தட்டில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பூசை முடிந்து விக்டோரியா அம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் மகன் ஸ்டானிஸ்லாஸுக்கு ஜேனைக் கேட்கிறார். பையன் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இயந்திரப் படம் வரைபவன், நல்ல வேலை. பாட்டுக் குழுவில் பார்த்தானாம். பொய். இன்ஸ்டிட்யூட்டில் பார்த்தான். இவளோடு ஆடுகிறவனே அவன்தான்.

அவர் போனதும் ஜேன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க அம்மாவுக்கு ஆட்டம்னாலே ஆகாதாம். கல்யாணம் ஆகிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிடாத அக்கா." சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கு முப்பத்தாறு வயது. என்னைக் கேட்டு அதிகம் பேர் வரவில்லை, வந்த ஓரிருவரும் தங்கையைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். அதை இங்கே தவிர வேறெங்கே எழுதுவது.

ஜூலை 5, சனி

அவள் ஆடப் போயிருக்கிறாள். நான் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அடித்தல் திருத்தல் இல்லை.

ஒரு கொக்கு. பச்சைக் காலணி போட்ட கொக்கு. கழுத்தில் கைக்குட்டை. சனிக்கிழமைதோறும் தண்டவாளம் தாண்டிப் போய் வெளியூர் வாத்துகளின் குளத்தில் ஒன்று — இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டு ஆடும். அங்கே ஒரு நாரைப் பையன் கூட ஆடுவான். அவன் அம்மாவிடம் மட்டும் இருவரும் மறைப்பார்கள். கடைசியில் கொக்கின் கால் சேற்றில் மாட்டிக்கொள்ளும். ஒருவரும் இழுத்துவிட வரமாட்டார்கள். பறவைகள் எல்லாம் பறந்துபோகும்.

ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்றுதானே வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லையே.

ஜூலை 19, சனி

ஆசிரியர் கடிதம். 'முதல் முறையாக உங்கள் பாத்திரம் துள்ளுகிறது. கொக்கு ஆடும் இடத்தை எங்கள் அலுவலகத்தில் உரக்கப் படித்தோம்.' ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. சந்தோஷம். பிறகு எரிச்சல். அந்த இடத்தை எழுதியது நானா, சுவருக்கு அந்தப் பக்கத்துக் கால்களா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று. மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். மூன்றும் தாண்டினால் கல்யாணம். ஜேன் பெயர் வாசிக்கும்போது பின் வரிசையில் பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நான் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பத்திரிகை வந்துவிட்டது. பச்சைக் காலணி போட்ட கொக்கை முழுப் பக்கத்தில் வரைந்திருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளைகள் இடைவேளை முழுக்க ஒற்றைக் காலில் குதித்தார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜேன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரும்போது ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்களாம், "கொக்கு அக்கா, கொக்கு அக்கா" என்று. என்னிடம் பத்திரிகையை வாங்கி வாசலிலேயே நின்று படித்தாள். உட்காரவில்லை. படித்து முடித்து, மடித்து, என் மேசை மேல் வைத்தாள்.

"கைக்குட்டையையாவது விட்டிருக்கலாம்ல?"

கதை கதைதான், உன்னைப் பற்றி என்று யார் சொன்னது என்று நான் ஆரம்பித்தேன். "சாகு அக்கா" என்றாள். போதும் என்பதை இந்த ஊர்க் கன்னடத்தில் சொன்னாள், அந்நியரிடம் சொல்வதுபோல.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இரண்டாம் ஓலை. விக்டோரியா அம்மாள் என் பக்கம் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

சாமியார் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் விக்டோரியா அம்மாள். மடியில் பத்திரிகை. பேத்திக்குப் படித்துக் காட்டப் போய்த் தானே படித்துவிட்டாராம்.

"கூடப் பிறந்தவளே இப்படி எழுதறான்னா, உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு சாமி."

சாமியார் நிதானமானவர். "ஜூடித் டீச்சர், ஓலை போய்க்கிட்டு இருக்கு. தெரிஞ்சதச் சொல்றது உங்க கடமை. தங்கச்சி அங்க ஆடப்போறது உண்மையா?"

உண்மை என்றேன்.

"அதுல ஒண்ணும் பெரிய பாவமில்ல. நடத்தையில ஏதாவது குறை உண்டா? இல்லைன்னு நீங்க சொன்னா இந்தம்மாவுக்கு நான் சமாதானம் சொல்லி அனுப்பறேன்."

இல்லை என்ற ஒரு வார்த்தை. மேசை மேல் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், பக்கத்தில் தண்ணீர்க் கூஜா. நான் கூஜாவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "நான் போய்ப் பார்த்ததில்லை சாமி. எனக்குத் தெரியாது."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு என்ன பாவமென்று சொல்வேன்?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. மற்ற இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார், பிரசங்கத்துக்குப் போய்விட்டார். ஸ்டானிஸ்லாஸ் அம்மா பக்கத்தில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆடும்போது கால் நகர்த்தத் தெரிந்தவனுக்கு, எழுந்து நிற்கத் தெரியவில்லை.

ஜேன் பாட்டுக் குழுவில் கடைசிப் பாட்டு வரை பாடினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செப்டம்பர் 13, சனி

போய்விட்டாள். கோலார் தங்கவயலில் ஆஸ்பத்திரி வேலை, தங்க இடம் கொடுக்கிறார்களாம். கிராமபோனையும் ரெக்கார்டுகளையும் ஜட்காவில் ஏற்றினாள். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். சண்டை போடுவாள், கத்துவாள் என்று இரண்டு வாரமாகப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லை.

வண்டியில் ஏறிய பிறகு சொன்னாள்: "நீ எழுதினதுலயே அதுதான் நல்ல கதை அக்கா. அதுதான் எனக்குத் தாங்கல."

செப்டம்பர் 20, சனி

வீடு அமைதியாக இருக்கிறது. எழுத வசதி.

அக்டோபர் 18, சனி

ஆமைக் கதை திரும்பி வந்தது. போன வாரம் வந்தது குருவிக் கதை. ஆமை நிற்கிறது, குருவியும் நிற்கிறது. 'கொக்குக் கதை போல் ஒன்று அனுப்புங்கள்' என்கிறார் ஆசிரியர். எங்கே போய் வாங்கி அனுப்புவது? நான் எழுதியிருக்கும் நாலு கடிதங்களுக்கும் ஜேன் பதில் போடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

தலைமை ஆசிரியை ஆண்டு விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுத்துவிட்டார். கொக்கு. நம் டீச்சரே எழுதியது என்று எல்லோர் முன்னாலும் கை தட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் சொல்லத்தக்கதாக இல்லை. திரிபுரசுந்தரிதான் கொக்கு. ஐந்தாம் வகுப்பு, துறுதுறுப்பான பெண். கூட ஏழு வாத்துகள்.

"கொக்கு எப்படி ஆடும் டீச்சர்?" என்றாள்.

நவம்பர் 12, புதன்

இன்று ஆடிக் காட்டினேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு, செருப்பைக் கழற்றி, ஒன்று — இரண்டு மூன்று. கால் தானாக வந்தது. எந்த இடத்தில் நிதானம், எந்த இடத்தில் வேகம், எத்தனையாவது சுற்றில் பலகை கிறீச்சிடும், எல்லாம் எனக்கு மனப்பாடம். இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டதெல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் உள்ளே இருக்கிறது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டு, பிறகு கூடவே ஆடினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

திரும்புகிற இடம் மட்டும் வரவில்லை. எந்தக் காலை முன்னால் வைத்துத் திரும்புவாள்? சுவர் வழியாகக் காது கேட்கும், கால் தெரியாது.

டிசம்பர் 6, சனி

ஆண்டு விழா. முதல் மூன்று சுற்றும் பிரமாதம். நாலாவதில் திரும்பும்போது பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். இரண்டு வாத்துகள் முட்டிக்கொண்டு விழுந்தன. திரிபுரசுந்தரி நிற்காமல் ஆடினாள். கடைசியில் சேற்றில் மாட்டிய கொக்கை வாத்துகள் சேர்ந்து இழுத்துவிட்டன. அப்படி நான் எழுதவில்லை. ஒத்திகையில் பிள்ளைகளே இழுக்க ஆரம்பித்தார்கள், நான் தடுக்கவில்லை.

வாசலில் விக்டோரியா அம்மாள். பேத்தி மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். கை தட்டிக்கொண்டே வந்தார். "கண்ணுக்கு நிறைவா இருந்தது டீச்சர். இந்த ஆட்டத்த யாரு சொல்லிக் கொடுத்தது?"

சுற்றிலும் பெற்றோர்கள்.

"என் தங்கச்சி ஜேன்" என்றேன். "இன்ஸ்டிட்யூட்டில் உங்கள் மகனோடு ஆடினது இதுதான். இதில் ஒரு குறையும் இல்லை."

அவர் கை முந்தானையைத் தேடிப் போனது. பேத்தியை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஆகஸ்டில் சொல்லியிருக்க வேண்டியது. ஸ்டானிஸ்லாஸுக்கு ஹாசனில் பெண் முடிவாகிவிட்டதாகக் கேள்வி.

டிசம்பர் 8, திங்கள்

ஜேனுக்கு ஒரு கார்டு. மன்னிப்பு என்று தொடங்கிய இரண்டைக் கிழித்துப் போட்டேன். அந்த வார்த்தைகளிலும் அணில் மாதிரியே நிற்கிறேன். கடைசியில் இதை மட்டும் எழுதிப் போட்டேன்: 'ரும்பாவில் திரும்பும்போது எந்தக் கால் முதலில்? எனக்குத் தெரிய வேண்டும்.'

டிசம்பர் 19, வெள்ளி

பதில் வந்துவிட்டது. அன்புள்ள இல்லை, இப்படிக்கு இல்லை. கார்டு முழுக்க ஒரே வார்த்தை.

'வலது.'

அவள் அறைக் கதவைத் திறந்தேன். மூன்று மாதத் தூசி. பெருக்கிவிட்டு வலது காலில் திரும்பிப் பார்த்தேன். பலகை அதே இடத்தில் கிறீச்சிட்டது.