பாவ்லிக்கு ஒரு கோப்பு எண்

31 ஆகஸ்ட் 1986, ஞாயிறு

இன்றும் காலை ஆராதனைக்குப் போகவில்லை. ஏழாவது வாரம். பாஸ்டரம்மா கேட்டால் சாயங்கால ஆராதனைக்கு வந்தேனே என்று சொல்லிக்கொள்ளலாம். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு டி.வி.யில் ‘பாவ்லி’ போடுகிறவர்களிடம் போய்க் கேட்கட்டும்.

தில்லி கிட்வாய் நகரில் எங்கள் பிளாக்கில் கலர் டி.வி. என் குவார்ட்டர்ஸில் மட்டும்தான். இன்று பதினெட்டுப் பேர். மாடி வீட்டு லீலாவதி மாமி குக்கரை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். கீழ் வீட்டு ஹர்பன்ஸ் கௌர் வழக்கம்போல வாசற்படியில். இரண்டு வருடம் முன்பு, அந்த நவம்பர்க் கலவரத்தில், கணவரைப் பறிகொடுத்ததிலிருந்து அவர் பேச்சு ‘ஹாஞ்ஜி’, ‘நஹீஞ்ஜி’யோடு சரி.

கதை இவ்வளவுதான். ஒரு பெரிய நோயில் உலகமே செத்துப்போகிறது. மிஞ்சிய பதினோரு பேர் தில்லியில் ஒரு பழைய படிக்கிணற்றைச் சுற்றிக் குடியிருக்கிறார்கள். அதுதான் பாவ்லி. அங்கே யாரும் யாருடைய பெயரையும் ஊரையும் கேட்பதில்லை. புதிதாக வந்தவருக்குத்தான் முதல் குடம் தண்ணீர். இன்று தூரத்துக் குன்றில் புகை தெரிந்தது. நர்ஸ் சாவித்திரி அதைப் பார்த்துவரத் தனியாகக் கிளம்பிவிட்டாள். அதோடு முடித்துவிட்டார்கள், பாவிகள்.

எழுந்து போகும்போது ஹர்பன்ஸ் கௌர் என்னிடம், “பெஹன்ஜி, அது யாரோட புகை?” என்று கேட்டார். முழுசாக ஒரு வாக்கியம்! மாமி என் கையைக் கிள்ளினாள்.

7 செப்டம்பர், ஞாயிறு

ஒன்பதரைக்குப் பட்டுப்பூச்சி வளர்ப்பு.

அறிவிப்பு சொன்ன பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள், ‘பாவ்லி’ சென்ற வாரத்தோடு நிறைவடைந்ததாம். நிறைவடைந்ததா? பதின்மூன்று வாரம் என்று சொன்னது என்ன ஆச்சு? அங்க ஒருத்தி நடுவழில நிக்கா, இவளுக்குச் சிரிப்பு வருது. பட்டுப்பூச்சியாம்! கூட்டுக்குள்ளயே கிடந்து சாகட்டும்.

யாரும் எழுந்து போகவில்லை. ஹர்பன்ஸ் கௌர் பட்டுப்பூச்சி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

10 செப்டம்பர்

ஆபீசில் மூன்று பேர், பஸ்ஸில் இரண்டு பேர். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான், அந்தப் புகை யாருடையது என்று. ஆக, பைத்தியம் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

டி.வி. நிலையத்துக்கு மனு எழுதிவிட்டேன். மீதி ஆறு பகுதிகளையும் காட்ட வேண்டும். மாமி பக்கத்தில் நின்று, “கெஞ்சி எழுதாதேடி இன்பா, கெஞ்சினா குப்பைத் தொட்டிதான்” என்றாள். கெஞ்சுவேனா? பத்திக்கு எண் போட்டு, ஐந்து பத்தி, சுத்தமான ஆபீஸ் இங்கிலீஷ். அடுத்த பிளாக்கிலிருந்து டைப்ரைட்டரை இரவல் வாங்கி ஒரே மூச்சில் அடித்தேன்.

பதினோரு வருடமாக யாரோ சொல்வதை வரைவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வேண்டும் என்று நானே எழுதிய முதல் கடிதம் இது.

24 செப்டம்பர்

மனுவுக்குப் பத்து நாளில் 212 கையெழுத்து. மோதி பாக் காலனியில் மட்டும் அறுபது. லோதி ரோட்டில் ஒரு பெரிய அதிகாரி மனைவியின் பெயரில் போட்டுக்கொடுத்தார், தைரியசாலி! ஹர்பன்ஸ் கௌர் தன் பெயரைக் குர்முகி எழுத்தில் மெதுவாக எழுதினார். பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

16 அக்டோபர், வியாழன்

நான் ஒரு முட்டாள்.

செக்‌ஷன் ஆபீசர் ராஜசேகரன் சார் கூப்பிட்டார். மேஜையில் டி.வி. நிலையத்தின் பதில், கூடவே திருப்பி அனுப்பிய என் மனு. எனக்கு இல்லை, எங்கள் அமைச்சகத்துக்கு! ‘தங்கள் கடித எண் 11/7/86 பார்க்க’ என்று ஆரம்பம். நிகழ்ச்சி மாற்றம் நிர்வாகக் காரணங்களால் என்று முடிவு.

கை பழக்கம். மனுவின் தலையில் கோப்பு எண் போட்டிருக்கிறேன். அடியில் பெயர், அதன் கீழே ‘மேல்நிலை எழுத்தர்’, அதன் கீழே செக்‌ஷன். வீட்டில் உட்கார்ந்து அடித்ததைச் சர்க்கார் கடிதமாகவே ஆக்கிவிட்டேன். 212 பேர் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அத்தனை பேரும் சர்க்கார் குடும்பம், எண் இல்லாத காகிதம்தான் அவர்கள் கண்ணை உறுத்தும். ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அப்படி ஒரு எண் எங்கள் பதிவேட்டில் கிடையாது. ஆனால் அந்த எண்ணுக்குப் பதில் வந்துவிட்டது. பதில் வந்தால் கோப்பு இருந்தாக வேண்டும். ராஜசேகரன் சார் தலையில் அடித்துக்கொண்டு அதே எண்ணில் ஒரு கோப்பு திறக்கச் சொன்னார். எனக்கு ஒரு மெமோவும் வந்தது. சொந்தக் காரியத்துக்கு அலுவலக எண்ணையும் பதவியையும் பயன்படுத்தியது ஏன்? ஏழு நாளில் விளக்கம்.

17 அக்டோபர்

ராஜசேகரன் சார் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். “பதினோரு வருஷமா காத்துட்டிருக்கீங்க மேடம். நவம்பர்ல புரமோஷன் கமிட்டி. மனுவை வாபஸ் வாங்கறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, நான் மூடிடறேன். டி.வி.ல ஒரு கதை நின்னு போச்சு, அதுக்காகவா?”

“அதுக்காகத்தான் சார்” என்றேன்.

19 அக்டோபர், ஞாயிறு

மாமியின் கணவர் சேஷன் வந்தார். வேறு அமைச்சகம், ஆனாலும் செய்தி போய்விட்டது. “தப்பா நெனச்சுக்காதேம்மா. ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆகணும். என் பேரை அடிச்சுடு” என்றார். காகிதம் என் கையில் இல்லையே மாமா என்றேன். மாடியிலிருந்து மாமியின் குரல் வந்தது. “உங்க பேரை வேணா அடிச்சுக்கோங்கோ. என் பேர்ல கையை வச்சேள்னா நாளைலேர்ந்து சமையல் உங்களோடது!”

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அசிஸ்டென்ட் ஆவதைப் பற்றி எத்தனை வருடம் ஜெபம் பண்ணியிருப்பேன்! ஆனால் ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு ஹர்பன்ஸ் கௌர் முகத்தில் எப்படி முழிப்பது? இரண்டு வருடத்தில் அந்த அம்மா யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

23 அக்டோபர்

விளக்கம் கொடுத்துவிட்டேன். மூன்று பத்தி.

1. எண்ணும் பதவியும் போட்டது என் தவறு. வருந்துகிறேன்.
2. கேட்டதில் தவறில்லை. வாபஸ் வாங்க மாட்டேன்.
3. மீதி ஆறு பகுதிகள் எப்போது?

ராஜசேகரன் சார் மூன்றாவது பத்தியை இரண்டு தடவை படித்தார். “இது அவசியமா மேடம்?” ஆமாம் சார்.

11 நவம்பர்

கதை எழுதியவருக்கும் ஒரு நகல் போட்டிருந்தேன். இன்று அவரிடமிருந்து தடித்த உறை. மீதி ஆறும் படமாக்கப்படவே இல்லையாம். செட்டைப் பிரித்துவிட்டார்களாம். “கதை மட்டும்தான் இருக்கிறது. கேட்டவர்கள் நீங்கள்தான், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.” கையால் எழுதிய இருபத்திரண்டு பக்க இந்தி. ஒரே பிரதி. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் படித்திருக்கலாம் போலிருந்தது. ஆனால் படிக்கவில்லை. எல்லாரோடும்தான் படிப்பது.

16 நவம்பர், ஞாயிறு

ஒன்பதரைக்கு டி.வி.யைத் திறக்கவே இல்லை. முப்பத்தொரு பேர், ஜன்னலுக்கு வெளியிலும். நான் இந்தியில் வாசித்தேன், மாமி சிலருக்குத் தமிழில் சொன்னாள். சேஷன் மாமா செருப்புக் கழற்றும் இடத்தில் நின்றே கேட்டார்.

புகை ஒரு கிழவருடையது. மூன்று வருடமாகத் தினமும் காலையில் தீ மூட்டுகிறார், யாராவது பார்த்து வரமாட்டார்களா என்று. சாவித்திரி போய்ச் சேர்ந்ததும் அவருக்குப் பேச வரவில்லை. ரொட்டியை மட்டும் நீட்டுகிறார்.

ஹர்பன்ஸ் கௌர் அழுதார். பிறகு எங்களுக்கெல்லாம் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். பெயர் ஜோகிந்தர் சிங். கடிகாரம் பழுது பார்ப்பவர். சாப்பாட்டுக்கு நடுவில் பாடுவாராம். ஒரு மணி நேரம் பேசினார். அவர் முடிக்கிற வரைக்கும் மீதிப் பக்கங்களை நான் வாசிக்கவில்லை.

28 நவம்பர்

புரமோஷன் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. எனக்கு ஐந்து வருடம் இளையவரான கலியமூர்த்தி அசிஸ்டென்ட். லட்டு கொடுத்தார், தின்றேன்.

பாத்ரூமில் போய் அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன். ஆனா எழுதிக் குடுத்தது குடுத்ததுதான். நாளைக்குக் கேட்டாலும் அதே மூணு பத்திதான்.

12 பிப்ரவரி 1987, வியாழன்

முடிந்த கோப்புகளை வகைப்படுத்தி ரிக்கார்டு அறைக்கு அனுப்பும் வேலை. மேல்நிலை எழுத்தர் பார்க்க வேண்டியது, அதனால் என் மேஜைக்கு வந்தது. அசிஸ்டென்ட் ஆகியிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது.

போன வாரம் வந்த கட்டில் 11/7/86-ம் இருந்தது. உள்ளே மனு, 212 கையெழுத்து, டி.வி. நிலையத்தின் பதில். வீட்டுக்கு ஒரு பிரதி எழுதிக்கொண்டு அந்த இருபத்திரண்டு பக்கத்தையும் இணைப்பாகச் சேர்த்தேன். பக்க எண் போட்டேன். தைத்தேன்.

‘சி’ வகை என்றால் மூன்று வருடத்தில் கிழித்துப் போட்டுவிடுவார்கள். ‘ஏ’ வகையை எந்தக் காலத்திலும் அழிக்கக்கூடாது. இப்படிப்பட்ட கோப்புக்கு யாரும் யோசிக்காமல் ‘சி’ போடுவார்கள். நான் ‘ஏ’ போட்டேன். காரணம் என்ற கட்டத்தில், ‘இதன் மீதிப் பகுதிகள் வேறெங்கும் இல்லை’ என்று எழுதினேன்.

ராஜசேகரன் சார் கோப்பைப் பிரித்தார். நான் எதிரில் நின்றேன். இணைப்புக்கு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இரண்டு போன் வந்தது, எடுக்கவில்லை. கடைசிப் பக்கம் வரை படித்தார்.

“பக்கமெல்லாம் வரிசையா இருக்கா மேடம்?”

“இருக்கு சார்.”

கையெழுத்துப் போட்டார். பியூனை எதிர்பார்க்காமல் நானே கோப்பை எடுத்துக்கொண்டு கீழே ரிக்கார்டு அறைக்கு இறங்கினேன்.