நசிந்த பெருவிரல்

ஐப்பசி, செவ்வாய் இரவு. வேலணை.

அமெரிக்காவிலிருந்து தம்பி இன்று வீடியோவில் கதைத்தான். பெருவிரலில் பெரிய கட்டு. பழைய பட்டாளத் துவக்கு ஒன்று வாங்கியிருக்கிறானாம். ரவைக் குண்டுகளை உள்ளே அமத்தும்போது, மேலே பிடியோடு இருந்த இரும்பு பாய்ந்து விரலை நசித்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே துவக்கைத் தூக்கிக் காட்டினான். நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன். போனுக்குள் தெரிகிற துவக்குக்கு யன்னல் சாத்துகிறவர்கள் நாங்கள்தான்.

"என்னக்கா, இன்னும் பயமோ?" என்றான்.

இவர் பின்னால் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பையை வைத்தார்.

"தம்பி, பெருவிரலை உள்ளுக்கை நிக்க விடாதையும். கை ஓரத்தாலை அந்தப் பிடியைப் பின்னுக்குத் தள்ளி வைச்சுக்கொண்டு ரவையை அமத்தும். விரலை வெளியிலை எடுத்தாப் பிறகுதான் பிடியை விடோணும்."

சொல்லும்போதே அவருடைய கை காற்றில் அதைச் செய்து காட்டியது. கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அத்தானுக்கு எப்பிடித் தெரியும்?"

"படத்திலை பார்த்தனான்."

இவர் படம் பார்க்கிறவர் அல்ல. சண்டைக் காலம் முழுக்கக் கொழும்பில் கடையில் நின்றவர் என்றுதான் கல்யாணம் பேசும்போது சொன்னார்கள். வலது பெருவிரலில் நகம் இல்லாததைக் கேட்டதற்கு, கடைக் கதவில் நசிந்தது என்றார்கள். நான் அதை நம்பித்தான் இவ்வளவு காலமும் அந்தக் கைக்குச் சோறு போட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம்.

இப்போது பக்கத்தில் நித்திரை. அந்தப் பெருவிரலை மற்ற விரல்களுக்குள் மடித்து இறுக்கிப் பிடித்திருக்கிறார். எப்போதும் அப்படித்தான் படுப்பார். குளிருக்காக்கும் என்று நினைத்திருந்தேன்.