நம் பலகையைக் கழற்றிய நாள்

மச்சான்,

"அடுத்த பேட்ச் வருது, அவனவன் போர்டைக் கழட்டி வைங்கடா" என்று இன்று சார் சொல்லிவிட்டார். சிதம்பரம் பயிற்சி மையத்தில் நம் மேசைமுன் ஸ்க்ரூடிரைவரோடு நின்றேன். பலகை முழுக்க நீ மாட்டிய ஒயர்கள். காமாலையில் படுப்பதற்கு முன் நீ கடைசியாகச் செய்த வேலை அதுதான்.

ஒயரிங் உனக்கு, கணினியில் ஏணி மாதிரி படமாக வரையும் புரோகிராம் எனக்கு. நெல்லிக்குப்பத்தில் ரயில் ஏறும் நீ, முதுநகரில் ஏறும் எனக்கு ஜன்னலோரம் பையைப் போட்டு வைப்பாய். முதல் வகுப்பில் சார் "இன்னைக்கு ஏணிப்படம்" என்றதும், "எந்தத் தியேட்டர்ல சார்?" என்றேன். என்னை வெளியே அனுப்பினார், சிரித்ததற்காக உன்னையும்.

ஸ்டார்ட் பட்டனைத் தொட்டுவிட்டு விரலை எடுத்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், ஸ்டாப்பை அழுத்தினால்தான் அணைய வேண்டும். அதுதான் பாடம். நமக்கு எரியவே இல்லை.

"உன் ஒயர்தான்டா லூசு."

"இழுத்துப் பாரு, வந்துச்சுன்னா காதை அறுத்துக்கறேன். உன் ஏணியைப் பாருடா. ஸ்டாப்புல எப்பவும் கரண்ட் வந்துகினே இருக்கும். நீ வரக்கூடாதுன்னு போட்டு வச்சிருக்க."

"அழுத்தாதப்ப எதுக்குடா கரண்ட்டு?"

"ஒயரு அறுந்துச்சுன்னா மெஷினு தானா நின்னுடணும். அதுக்குத்தான்."

ஏணியை மாற்றினேன், எரிந்தது.

நீ போன மறுவாரமும் ரயில் வந்தது. ஜன்னலோரம் யாரோ முறுக்கு தின்றுகொண்டிருந்தார். வகுப்பு நடந்தது. நானும் போனேன், ஜோக்கடித்தேன். எதுவும் தானாக நிற்கவில்லை மச்சான்.

இன்று கழற்றுமுன் ஒருமுறை ஸ்டார்ட்டைத் தொட்டேன். எரிந்தது. விரலை எடுத்த பிறகும் எரிந்தது. சார் பக்கத்தில் வந்து நின்றார், அவசரப்படுத்தவில்லை. ஸ்டாப்பை நான்தான் அழுத்தினேன்.

ஒரு ஸ்க்ரூகூட லேசில் வரவில்லை. "பாவி, என்னத்தத் தின்னுட்டுடா இப்படி முறுக்கின?" என்று வாய்விட்டே திட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியில் போட்டேன். ஒன்றைக்கூட எடுத்து வரவில்லை. புதிதாக வருகிறவனுக்கு வேண்டுமே.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், உள்ளங்கையில் பெரிய கொப்புளம். அம்மா மருந்தோடு வந்தாள்.

"வேணாம்மா" என்றேன். "போட்டா சீக்கிரம் ஆறிடும்."

வழக்கமான குறும்பென்று நினைத்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடியைத் திரும்ப மூடிக்கொண்டாள்.