மேட்டு ஊற்றிலும் எண்ணெய்

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ பழைய டிராக்டர் எண்ணெயைக் கொட்டித்தான் வயல் ஊற்று கெட்டது என்று ஊரார் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. படித்தவர் போட்டால்தான் எடுபடும் என்றார்கள். மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் பட்டறையை மூடினார்கள். தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமலே உன்னோடு பஸ் ஏறினாள்.

பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊற்றை மூன்று முறை இறைத்தேன். மூன்று முறையும் அடிப்பாறை வெடிப்பிலிருந்து தண்ணீரோடு எண்ணெய் கொப்பளித்தது. அப்படியும் என்மேல் எனக்கே நம்பிக்கை வராமல், பட்டறைக்கு மேலே இருக்கும் மேட்டு ஊற்றுக்கு ஏறிப் போனேன். அங்கேயும் அதே கருப்புப் படலம். பூமி தானாகவே கசியவிடுகிறது.

இன்று பட்டறைச் சாவியை வைத்திருக்கும் விவசாயச் சங்கத் தலைவரிடம் இதைச் சொன்னேன்.

“இப்ப மாத்திப் பேசினா ஊரே சிரிக்கும் சார்.”

“சிரிக்கட்டும்யா! என் மாப்பிள்ளை எண்ணெயைச் சுமந்துக்கிட்டு மேடு ஏறினானா? வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி தூக்காதவன் அவன்!”

“வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு வம்பு?” என்றார். சாவி தரவில்லை.

பூட்டை நானே உடைத்தேன். எட்டு முறை அடிக்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு என் கட்டைவிரலில் விழுந்தன. இதை உன் பட்டறைக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெளியே நாலைந்து பேர் கத்துகிறார்கள். கட்டைவிரல் வீங்கியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். தங்கச்சியை அழைத்துக்கொண்டு வா. அதுவரை இந்தக் கதவைப் பூட்ட வேண்டுமென்றால், என்னையும் உள்ளே வைத்துத்தான் பூட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன்