கழுவாத குச்சி

10 ஆகஸ்ட் 2006, வியாழன்

தூக்கம் வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

நிலவேம்பின் கசப்புப் பொருளைத் தனியே பிரித்தெடுக்க ஒரு மாதமாகப் போராடினேன். குடுவையில் மிஞ்சியதெல்லாம் பழுப்புப் பிசின்தான். இன்றும் படிகம் விழாவிட்டால் ஆய்வகத்தை விட்டு பேக்கிங் பிரிவுக்குப் போகச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

மதியம் கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் சில சமயம் படிகம் பிடிக்கும். பக்கத்து மேசை ஃபாத்திமா சிரித்தாள். "இன்னாடி, சோறு அடி புடிச்சிச்சா? சொரண்டிக்கினே கீற?"

"பேஜார் பண்ணாத. தோ, என் குச்சி ஒடஞ்சிபோச்சு, உன்னுத குடு."

அவள் குச்சியால் இரண்டு இழுப்புதான் இழுத்தேன். கரைசல் கலங்கியது. பிறகு மெல்லிய வெள்ளை ஊசிகள் அடியை நோக்கி இறங்கத் தொடங்கின.

ஃபாத்திமா குச்சியைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஐயோ! வெலைக்கு வாங்கின இதே கசப்போட சுத்தமான சாம்பிள காலைல இதுலதான் தொட்டேன். கழுவவே இல்லடி!"

குச்சியில் ஒட்டியிருந்த ஒரு துகள்தான் விதையாகி, அதைச் சுற்றி என்னுடையதும் படிகமாகியிருக்கிறது. கழுவு கழுவு என்று எங்கள் எல்லாரையும் திட்டுகிறவள் அவள்! நாளை என் படிகத்தையே விதையாகப் போட்டு மறுபடி செய்ய வேண்டும். வரும். வந்துவிடும்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "சரிம்மா, பேக்கிங்குக்கு வேற ஆளப் பாக்குறேன்."

உலர்ந்ததும் ஒரே ஓர் ஊசியை நாக்கில் வைத்தேன். செய்யக் கூடாதுதான்.

இரவு தோசை கசந்தது.

"இன்னாடி மூஞ்சி அப்டி போவுது? சட்னி நல்லா இல்லியா?" என்றாள் அம்மா.

"சூப்பரா கீதும்மா. இன்னொண்ணு வை."

இன்னும் கசக்கிறது. தண்ணீர் குடிக்க மனமில்லை.