முகமூடியைத் தேடாதே, டார்லீன்

டார்லீன்,

அலமாரியைக் கலைக்காதே. முகமூடியை ஒளித்து வைத்தது நான்தான்.

கற்பூதம் மறுபடியும் ஏரியைக் கடந்து வருகிறதாம், வானொலியில் சொன்னார்கள். போன தடவை உன்னைப் பாலத்துக்கு அப்பால் வீசிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்ததே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. பீரங்கிக்கே நிற்காததை நீ எப்படி நிறுத்துவாய்? ராத்திரி அதைக் கேட்டதற்குத்தான், "பேசாம பஸ் ஓட்டுற வேலையைப் பாரு, காஸிமிர்!" என்று கத்திவிட்டு சோபாவில் போய்ப் படுத்தாய்.

பார்க்கத்தான் போகிறேன். தெருக்காரர்களை பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஹோர்வாத் அம்மாள் இப்போதே பெட்டியோடு வந்து நிற்கிறாள். "அந்த நீலச் சட்டைக்காரி வருவால்ல?" என்று, அது நீதான் என்று தெரியாமலே கேட்டாள். "வருவா" என்று என் வாய் முந்திக்கொண்டது.

பியரோகிக் கொழுக்கட்டை வாணலியில் இருக்கிறது. வெண்ணெய் போட்டுச் சூடாக்கிக்கொள். வெறும் வயிற்றோடு போகாதே. பின்கதவுச் சாவி பூந்தொட்டிக்குள்.

காஸிமிர்

பி.கு.: ஃப்ரீசரில் பட்டாணிப் பை இரண்டு இருக்கிறது. மேல் தட்டுப் பைக்கு அடியில் முகமூடி. கீழ்த் தட்டுப் பையைத் தொடாதே. அது நீ வந்ததும், போன தடவை அடிபட்ட உன் இடது தோளுக்கு ஐஸ் ஒத்தடம் வைக்க. நான்தான் வைப்பேன்.