எழுநூறு வரியும் ஒரு வசனமும்

நாம் சேர்ந்து வேலை செய்த கந்தோர் இடம் மாறுகிறது. நேற்று என் அலுமாரியை ஒழித்தபோது அடியில் பதினான்கு தாள்கள் கிடந்தன. ஓரமெல்லாம் உமது மஞ்சள் மார்க்கர் கோடுகள். சாமான் தூக்க வந்தவர்கள் காத்து நிற்க, நான் நிலத்தில் குந்தியிருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தத் தாள்களில் இருப்பது நான் எழுதிய ஒரே ஒரு ஃபங்ஷன், கணினி நிரலின் ஒரு துண்டு. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு எந்தத் தாதி எந்த நாள் போகவேண்டும் என்று பட்டியல் போடும் மென்பொருள் எங்களுடையது. புது விதி வரும்போதெல்லாம் ‘இப்படியென்றால் இதைச் செய்’ என்று இன்னோர் ‘இஃப்’ சேர்ப்பேன், அதற்குள் இன்னொன்று. மூன்று வருடத்தில் எழுநூறு வரி. எனக்கு மட்டுந்தான் விளங்கும் என்று உள்ளூரப் பெருமை வேறு.

நீர் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதந்தான் இருக்கும். ஈஸ்டர் விடுமுறையில், ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், ஒரு கிழவரின் பெயர் பட்டியலில் வராமல் போயிற்று. இரண்டு நாள் யாரும் போகவில்லை. விழுந்து கிடந்தவரைப் பக்கத்து வீட்டுப் பெண் கண்டதால் உயிர் தப்பினார்.

கூட்டத்தில் மேலாளர், “இதை எழுதியது யார்?” என்று கேட்டார். நீர் முந்திக்கொண்டு, “நாங்கள் எழுதியது. நாங்களே திருத்துகிறோம்” என்றீர். அதில் ஒரு வரிகூட நீர் எழுதியதில்லை.

இன்னோர் இஃப் போட்டு முடிக்கச் சொன்னார் மேலாளர். அன்றே போட்டுக் கொடுத்தீர். பிறகு விடாமல் கேட்டு, முழுவதையும் திருத்தி எழுத இரண்டு கிழமை, பதினாலு நாள், அவகாசம் வாங்கினீர்.

முதல் கிழமை ஒரு வரியையும் நீர் தொடவில்லை. ஞாயிறு, விடுமுறை, தாதி வராத நாள் என்று ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்னச் சோதனை நிரல் எழுதினீர். “இப்ப என்ன செய்யுது எண்டு முதல்ல பிடிச்சு வைப்பம். இல்லாட்டித் திருத்திறமோ உடைக்கிறமோ எண்டே தெரியாது.”

பிறகு தாள்களை மேசையில் பரப்பி என்னைக் கூப்பிட்டீர்.

“இந்தத் துண்டு என்ன செய்யுது? ஒரு வசனத்தில சொல்லும்.”

“தாதிக்கு வருத்தம், வேலைக்கு வர ஏலாது எண்டால் பதில் ஆளைத் தேடுது.”

“அப்ப இதைப் பிரிச்செடுத்து, அந்த வசனத்தையே பெயரா வைப்பம்.”

ஓரிடத்தில் எனக்கு வசனம் முடியவில்லை. “அதோட இதுவும் செய்யுது…” என்று இழுத்தேன்.

“அப்ப அது ரெண்டு துண்டு.”

ஒவ்வொரு துண்டையும் பிரித்ததும் சோதனைகளை ஓட்டுவீர். எல்லாம் சரி என்று பச்சை காட்டினால்தான் தேத்தண்ணி குடிக்கப் போவோம்.

கடைசியில், அந்தத் துண்டுகளைப் பெயர் சொல்லி வரிசையாக அழைக்கும் இருபது வரிதான் மேலே மிஞ்சியது, எல்லாப் பெயரும் சாதாரண நோர்வேஜிய மொழியில். அந்த ஊரின் தலைமைத் தாதியை வரவழைத்துத் திரைக்கு முன் இருத்தினீர். கணினி நிரலை அதுவரை கண்டிராத மனுசி விரல் வைத்து வாசித்தா. ஒரு வரியில் விரல் நின்றது. “ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரை வேலை நாளில் சேர் என்று இருக்கிறது. சனிக்கிழமையும் வீட்டுக்கு அனுப்புகிறார்களே, அப்படி வருபவர்கள்?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று வருடம் நான் காணாத ஓட்டையை அவ ஐந்து நிமிடத்தில் கண்டுவிட்டா.

அன்று வீடு திரும்பும் ஹொல்ம்லியா ரயிலில் நான் அழுதேன். நீர் யன்னலைப் பார்த்தபடி, “உமக்கு எவ்வளவு விசயம் தெரிஞ்சிருக்கு எண்டு அந்த எழுநூறு வரியிலதான் கண்டனான். அதை மற்ற ஆக்களும் வாசிக்கிற மாதிரிச் செய்தம், அவ்வளவுதான்” என்றீர்.

வருடங்கள் கழித்து, கடைசியாக உம்மை ஆஸ்பத்திரியில் பார்த்த பின்னேரம், “அந்தப் பட்டியல் இன்னும் ஓடுதோ?” என்று கேட்டீர்.

“ஓம். ஆனா நீர் எழுதின ஒரு வரிகூட இப்ப அதில இல்லை. வந்த வந்த ஆக்கள் மாத்திப்போட்டினம்.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நீரோ மூச்சு வாங்க வாங்கச் சிரித்தீர். “பயப்பிடாமல் மாத்தியிருக்கினம். அதுக்குத்தானே எழுதினது.”

இப்போது நான் எழுதியதை யாராவது அழித்து எழுத வந்தால், முன்போல் எனக்கு நெஞ்சு சுருங்குவதில்லை. நான் அமர்ந்திருக்கும் கதிரையை நகர்த்தி அவருக்கு இடம் விடுகிறேன்.